வீடு அக்காவுக்கு, ஒழுக்கு தம்பிக்கு: ஓர் இளையோர் நாவலைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், மண்டூரை அண்டிய சிற்றூர் ஒன்றில் வளரும் மூன்று பிள்ளைகளைப் பற்றி நான் எழுதிய நகைச்சுவை நாவலை வாசித்த மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் என்னிடம் பல கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். சில கேள்விகள் என்னை மடக்குவதற்காகவே கேட்கப்பட்டவை, அவற்றையும் விட்டுவிடவில்லை.

நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை. கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அம்மா குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறாள். அப்பா வட்டையில் (வயல்வெளியில்) வேளாண்மைக் காவலுக்குப் போனால் கிழமைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். வீட்டில் அம்மம்மாவும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பதினாறு வயது அக்காவும், பதின்மூன்று வயதுத் தம்பியும், ஆறு வயதுத் தங்கச்சியும் இருக்கிறார்கள். மாரி மழையில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்துவிடுகிறது; தெருவும் உடைத்துக்கொண்டதால் அப்பா வட்டைப் பக்கமே அகப்பட்டுக்கொள்கிறார். அன்று மாலைதான் அம்மா வீடியோ அழைப்பில் வரும் நாள். முன்பு ஒரு தடவை தங்கச்சிக்கு டெங்கு என்று கேள்விப்பட்டு அம்மா ஒப்பந்தக் காலம் முடியுமுன்னே ஓடிவந்ததும், அதனால் ஏறிய கடன் இன்னும் தீராததும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே வெள்ளத்தை அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற அவர்கள் பத்து நாட்கள் படும் பாடுதான் முழுக் கதையும்.

இதில் வீரம் எங்கே இருக்கிறது? ஒருவரும் ஒருவரையும் காப்பாற்றவில்லையே?

ஒரு தமிழாசிரியர் இதைச் சற்றுக் கோபமாகவே கேட்டார். பின்னட்டையில் ‘வீரம்’ என்ற சொல் இருப்பதால், யாராவது ஒருவர் வாவியில் குதித்து ஒரு குழந்தையைத் தூக்கி வருவார் என்று கடைசிப் பக்கம் வரை காத்திருந்தாராம். அவருக்கு நான் மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

அந்த அத்தியாயத்தில் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர் நிற்கிறது. முருகன் படம் மாட்டியிருக்கும் சுவரில் மட்டும் மேற்பாதி நனையாமல் இருக்கிறது. அக்கா கட்டிலின்மேல் கதிரையை வைத்து, கதிரையில் தங்கச்சியை இருத்தி, அவள் முகமும் சாமிப்படமும் மட்டும் தெரியும்படி தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தம்பி பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் கேட்டுவிடும் என்பதால் காலை அசைக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து ஒரு கெளிற்று மீன் அவன் காலிடுக்கில் வந்து முள்ளை ஏற்றிவிடுகிறது. கெளிற்று முள் எப்படிக் கடுக்கும் என்று வாவிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நான்கு நிமிடம் அவன் அசையவில்லை. “என்னடா தம்பி, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?” என்று அம்மா கேட்க, “பல்லுக் கொதி அம்மா” என்கிறான். அழைப்பு முடியும்போது அம்மா அம்மம்மாவுக்கு இட்ட கட்டளையின்படி, அடுத்த பத்து நாளும் அவனுக்கு இனிப்பு என்ற பேச்சே இல்லை. அம்மா அனுப்பிய பெட்டியில் வந்த சாக்லேட்டை அவன் கண்முன்னாலேயே தங்கச்சி தின்று தீர்க்கிறாள்.

பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் மண்டூர் முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்பதால் வாயை மூடிக்கொண்டு நிற்க அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அக்கா பிறகு கேலி செய்கிறாள். அந்தக் கேலியோடு அவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, வெந்நீர் ஊற்றிக் கழுவி, முள் முறிந்து கிடக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறாள். நான் வீரம் என்று சொல்ல வந்தது அந்த நான்கு நிமிடத்தையும் அந்த விளக்கு வெளிச்சத்தையும்தான். இரண்டுக்கும் யாரும் நன்றி சொல்வதில்லை. சொல்லியிருந்தால் இருவருமே வெட்கத்தில் எழும்பி ஓடியிருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு ஏன் பெயர் வைக்கவில்லை?

வீட்டில் யார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? அக்காவுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது தம்பிக்கே பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் ஒலிபெருக்கியில் கேட்டபோதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த இடத்தில்கூட அந்தப் பெயரை நான் எழுதவில்லை; அவன் கைதட்ட மறந்ததை மட்டும் எழுதினேன்.

‘வீடு அக்காவுக்கு, ஒழுக்கு எனக்கா?’ என்று தம்பி அடிக்கடி சொல்கிறானே, வெளியூர் வாசகர்களுக்கு அது விளங்குமா?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் தாய்வழிக் குடிமுறை வலுவாக வேரூன்றியது. பெண் பிள்ளைக்குக் கலியாணத்தில் வீடு கொடுப்பதும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பதும் எங்களுக்குச் சாதாரணம். தமிழர் வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் இதைக் காணலாம். எனவே ஓர் ஆண் பிள்ளைக்கு, தான் பிறந்து வளர்ந்த வீடு ஒருநாள் அக்காவுடையதாகிவிடும் என்பது பாற்பல் விழும் வயதிலேயே தெரிந்துவிடுகிறது. நாவலில் மழை பெய்து கூரை ஒழுகும்போதெல்லாம், வாளி வைக்கச் சொன்னால் தம்பி கையைக் கட்டிக்கொண்டு, “உன்ட வீடு, நீ வை” என்கிறான். ஓடு மாற்ற ஏறச் சொன்னால், கூலி எவ்வளவு என்று கேட்கிறான்.

ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு சுவரைச் சுண்ணாம்பு அடித்து மறைக்க வேண்டிய வேலையை, ஒருவரும் சொல்லாமலே விடியற்காலையில் எழும்பிச் செய்பவன் அவனே. கேட்டபோது, “வாற மச்சான் பார்த்திட்டு ஓடிப்போயிருவார், பிறகு நீதான் என்ட தலையில” என்கிறான். இந்த இடத்தில் சிரித்ததாகவே பலர் எழுதியிருந்தார்கள். தனக்கு உரிமையில்லாத ஒரு வீட்டுக்காக உழைக்கும் பையன் அவன் என்பதை ஓர் அக்கரைப்பற்று வாசகி மட்டும் கவனித்து எழுதியிருந்தார். அவருக்கு மூன்று தம்பிமாராம்.

அக்காவும் தம்பியும் ஏன் இவ்வளவு சண்டை பிடிக்கிறார்கள்? பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?

தொலைபேசிச் சார்ஜருக்கு, சைக்கிளுக்கு, பொரித்த மீனின் நடுத்துண்டுக்கு என்று நாவலில் சண்டைகள் பல வருகின்றன. எங்கள் ஊர்களில் கண்ணகி அம்மனை முன்வைத்து ஆடப்பட்ட கொம்புமுறி விளையாட்டை நினைத்துப் பாருங்கள்: ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டி, ஒன்று முறியும்வரை இழுக்கும், தோற்ற பக்கத்தை வென்ற பக்கம் பாட்டால் வசைபாடும், பிறகு எல்லோரும் ஒரே கோயிலில் ஒரே பொங்கலை உண்பார்கள். மழை பெய்ய வேண்டும், நோய் விலக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஊரே முறை வைத்துச் சண்டை பிடித்திருக்கிறது. அக்காவும் தம்பியும் பிடிப்பதும் அந்த மாதிரிச் சண்டைதான். இருவரும் இழுப்பது ஒரே கயிற்றை.

ஒன்றை மட்டும் தவிர்த்தேன். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் அக்கா சித்தியடைந்தவள். தம்பி வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவாகப் பெற்றவன். எத்தனை சண்டை வந்தாலும் அக்கா அந்த இரண்டு புள்ளியை வாயில் எடுப்பதில்லை. அவன் பெறுபேறு வந்த அன்று, சட்டம் போட்டு மாட்டியிருந்த தன்னுடைய சான்றிதழைக் கழற்றி அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, சுவரில் கறையான் என்று வீட்டாரிடம் சொன்னவள் அவள். அம்மம்மா இரண்டு நாள் கறையான் தேடினாள்.

நகைச்சுவையும் வீரமும் ஒரே கதையில் எப்படிப் பொருந்தும்?

கூடப்பிறந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இரண்டும் தாமாகவே சேர்ந்துவிடும் என்பது என் அனுபவம். ஊருக்கு முன்னால் யாரும் வீரனாகலாம். அக்காவுக்கு முன்னால் ஆக முடியாது. நீங்கள் எந்த வயதுவரை பாயில் ஒன்றுக்குப் போனீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நாவலில் தம்பி, அப்பாவோடு வட்டையில் காவலிருந்த இரவில் தான் யானையைத் துரத்தியதாக வகுப்பில் கதை சொல்கிறான். பரணிலிருந்து குதித்தது, யானைவெடியைக் கையிலேயே கொளுத்தியது, யானை திரும்பிப் பார்த்தது என்று கதை வளர்ந்துகொண்டே போகிறது. ஏழாம் நாள் அக்கா வகுப்பறை வாசலில் வந்து நின்று, “டேய், அண்டைக்கு நீ ஓடேக்க விட்ட செருப்பு, அப்பா குடுத்துவிட்டவர்” என்று ஒற்றைச் செருப்பை நீட்டுகிறாள்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் சடங்கில் பாண்டவராக வருபவர்களைப் பார்த்துவிட்டு, தனக்கு வீமன் வேடம்தான் பொருந்தும் என்று தம்பி சொல்வதும் இந்த வகைதான். சாப்பாட்டு விடயத்தில் பொருந்தும் என்று அக்கா ஒப்புக்கொள்கிறாள். பிறகு அவள் சொல்வது நாவலில் எனக்குப் பிடித்த வரிகளில் ஒன்று: “அந்த அஞ்சு பேருக்கும் ஒரு அக்கா இருந்திருந்தா, சூதாடவே விட்டிருக்க மாட்டாள்.”

பெற்றோரிடம் பொய் சொல்வதை இந்த நாவல் நியாயப்படுத்துகிறதா?

இல்லை. பொய்க்கு அவர்கள் கொடுக்கும் விலையைக் காட்டுகிறது. ஆறு வயதுக் குழந்தைக்குப் பொய் சொல்லப் பழக்குவது எவ்வளவு கேவலமான வேலை என்பதை அக்கா ஏழாம் அத்தியாயத்தில் உணர்ந்து அழுகிறாள். நகைச்சுவை நாவலில் சிரிப்பே இல்லாத அத்தியாயம் அது ஒன்றுதான். அதை எடுத்துவிடச் சொன்ன நண்பர்களின் பேச்சை நான் கேட்கவில்லை. வெளிநாட்டில் வேலை செய்யும் தாய்மார் உள்ள வீடுகளில், அங்கிருப்பவரும் இங்கிருப்பவரும் ஒருவருக்கொருவர் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று நாள்தோறும் தீர்மானிக்கிறார்கள். அது சரியா பிழையா என்று பதின்மூன்று வயதுப் பையன் வாயால் தீர்ப்புச் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மட்டக்களப்பைப் பற்றி எழுதும்போது போரையும் சுனாமியையும் விட்டுவிடலாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே அதிக நேரம் எடுத்தேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது நாவலடி போன்ற இடங்களில் என்ன நடந்தது என்று எங்கள் பக்கத்தில் தெரியாத குடும்பமில்லை. அப்போது பிறந்திராத பிள்ளைகள்தான் இன்று இந்த நாவலின் வாசகர்கள். அவர்கள் அந்த நினைவுகளைக் கேட்டது பெரியவர்களின் பேச்சிலும், சில வேளைகளில் பேச்சு நின்றுபோகும் இடங்களிலும்தான். நான் அதையே செய்தேன்: அம்மம்மா கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரைக்கு வர மறுக்கிறாள், ஏன் என்று தங்கச்சி கேட்கிறாள், அக்கா பேச்சை மாற்றுகிறாள். அவ்வளவுதான். காரணத்தை எழுதினால் அது வேறொரு நாவலாகிவிடும்.

ஆனால் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி கதைக்குள் முழுதாகவே வருகிறது. அம்மம்மா அதைத் தானாகவே சொல்லிக்கொண்டிருப்பவள். மழை இருட்டினால் போதும், “எழுபத்தெட்டுல” என்று தொடங்குவாள். பிள்ளைகள் மூவரும் அவள் பின்னால் நின்று சத்தமில்லாமல் வாயசைத்து அதே கதையைச் சொல்வார்கள். வெள்ளம் வந்த இரவில்தான் அவள் இதுவரை சொல்லாத ஒரு பகுதியைச் சொல்கிறாள். அன்று அவளுக்குப் பதினான்கு வயது. கூரை பறந்த பிறகு, தன் தம்பியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, விடியும்வரை அவன்மேல் குப்புறக் கிடந்திருக்கிறாள். வாயசைத்துக்கொண்டிருந்த மூவருக்கும் அடுத்த சொல் தெரியாமல் போகிறது. அந்தத் தம்பிதான் கிழமைதோறும் வெற்றிலைக்குக் காசு கேட்டு வரும் கிழவர். அவரை அம்மம்மா படலையிலேயே வைத்து வசைபாடுவாள், சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக்கொண்டே.

ஏன் பேச்சு வழக்கில் எழுதினீர்கள்? ‘மறுகா’ (பிறகு), ‘கிறுகி’ (திரும்பி) எல்லாம் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தேவையா?

கதை சொல்லும் பகுதி எழுத்து வழக்கில்தான் இருக்கிறது. பிள்ளைகள் வாய் திறக்கும்போது மட்டும் ஊர்மொழி வருகிறது. அக்காவைப் பார்த்து அவள் தோழி ‘வாகா’ என்று கூப்பிடுவதை ‘வா’ என்று எழுதினால் உறவே மாறிவிடும். தவிர, நாவலின் சிரிப்பில் பாதி ஊர்ச் சொற்களில் இருக்கிறது. மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் உள்ள குருமண்வெளிக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். வெள்ளச் சேதம் பார்க்க வந்த வெளியூர் அதிகாரி ஒருவர் துறையில் நின்று, “தம்பி, பாதை எங்கே?” என்று கேட்கிறார். “பாதை அக்கரைக்குப் போயிட்டு சேர், இப்ப கிறுகி வரும்” என்கிறான் தம்பி. அதிகாரி தன் குறிப்புப் புத்தகத்தில் என்ன எழுதினார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மருதமுனைப் பையனின் பாத்திரம் எதற்கு?

கல்முனையில் டியூசன் வகுப்பில் தம்பிக்குப் பக்கத்தில் இருப்பவன் அவன். அவனுடைய ராத்தா (முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்) மருதமுனையில் வீட்டிலேயே கைத்தறி நெய்கிறாள். வெள்ளத்தில் அக்காவின் புத்தகங்கள் நனைந்ததைக் கேள்விப்பட்டு, ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு பெண்ணுக்காக, தான் பரீட்சைக்குப் படித்த குறிப்புக் கொப்பிகளைக் கட்டி அனுப்பிவைக்கிறாள். “எங்கட ராத்தாட கையெழுத்து விளங்காது, ஏசாம வாசி” என்ற செய்தியும் அந்தப் பையனிடமிருந்து சேர்ந்து வருகிறது. தன் ராத்தாவை இழித்துப் பேசுவதில் அவனுக்கும் நம் தம்பிக்கும் உடனே நட்பு இறுகிவிடுகிறது. “காக்கா வந்திட்டார்” என்று அவன் தன் அண்ணனைக் காட்டிச் சொல்ல, தங்கச்சி முருங்கை மரத்தை அண்ணாந்து பார்ப்பதும் இந்த அத்தியாயத்தில்தான்.

இது உண்மைக் கதையா?

கெளிறு உண்மை, குத்து வாங்கியது நான். மற்றவை கற்பனை. என் அக்கா இதை வாசித்துவிட்டு, தான் அவ்வளவு நல்லவளாக இருந்ததில்லை என்றும், சைக்கிளை நான் ஓட்டி முறித்ததை எழுதாமல் விட்டது நேர்மையல்ல என்றும் சொன்னார்.

எந்த வயதினர் வாசிக்கலாம்?

பன்னிரண்டு வயதுக்கு மேல் யாரும் வாசிக்கலாம்.

நானும் என் அண்ணனைப் பற்றி எழுத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

அவர் உங்களுக்காகச் செய்த பெரிய உதவியிலிருந்து தொடங்க வேண்டாம். அது எல்லோர் அண்ணனும் செய்ததாகவே ஒலிக்கும். அவர் செய்ததை நீங்கள் அப்போது கவனிக்காமல் விட்ட ஒன்றைத் தேடுங்கள். தோசையில் கருகியதை எந்த நாளும் யார் எடுத்துக்கொண்டார்? பாதையில் ஏறும்போது வெயில் படும் பக்கத்தில் யார் நின்றார்? அவர் மேலுள்ள கோபத்தையும் மறைக்காமல் எழுதுங்கள். எழுதியதை அவரிடம் காட்டுவதா என்பது உங்கள் உடல்பலத்தைப் பொறுத்தது.

அம்மாவுக்குக் கடைசியில் தெரியவருகிறதா? (முடிவை அறிய விரும்பாதவர்கள் இதை வாசிக்க வேண்டாம்.)

தெரியவருகிறது. ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, அம்மா முருகன் படத்தைத் துடைக்கக் கழற்றுகிறாள். தம்பி சுண்ணாம்பு அடிக்கும்போது படத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு அதைச் சுற்றியே அடித்திருக்கிறான். படத்தின் பின்னால், அதன் கீழ் விளிம்போடு, சேற்றுத் தண்ணீர் நின்று போன கோடு அப்படியே இருக்கிறது. அழைப்புக்குப் பிறகு வெள்ளம் எதுவரை ஏறியது என்பதை அந்தக் கோடு சொல்லிவிடுகிறது. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. படத்தைத் திரும்ப மாட்டிவிட்டு, “தம்பி, பல்லுக் கொதி மாறிட்டா?” என்கிறாள். அவன் மாறிவிட்டது என்று தலையாட்டுகிறான். அம்மாவும் இரண்டு வருடமாக ஒரே சுவருக்கு முன்னால் நின்றுதான் தங்களோடு பேசியிருக்கிறாள் என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்க அவள் வாயெடுக்கும்போது, பெட்டியை யார் முதலில் திறப்பது என்று தம்பியும் தங்கச்சியும் சண்டையைத் தொடங்கிவிடுகிறார்கள்.